போலி லிங்க்கை மெஷின் லேர்னிங் ஏன் தப்பவிடுகிறது?

மன்னார்குடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஊர் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் வந்தது. பிஎம் கிசான் பணம் நிற்கப்போகிறது, உடனே கேஒய்சி முடியுங்கள் என்று போட்டிருந்தது. அப்பா தொடப்போனார், தடுத்துவிட்டேன். இதையெல்லாம் மெஷின் லேர்னிங் பிடித்துவிடும் என்கிறார்களே, இது எப்படித் தப்பியது?"

அப்பாவைத் தடுத்தீர்களே, ரொம்ப நல்ல காரியம். முதலில் மெஷின் லேர்னிங் போலியைப் பிடிக்கும் விதத்தைச் சொல்கிறேன். நல்லது, போலி என்று குறித்துவைத்த ஆயிரக்கணக்கான இணைய முகவரிகளைக் காட்டி, 'மாடல்' எனப்படும் கணினி நிரலைப் பழக்குகிறார்கள். முகவரியின் நீளம், அதிலுள்ள புள்ளிகள், கோடுகள், பெயரைப் பதிவு செய்து எத்தனை நாளாகிறது, பக்கம் ஓடிபி கேட்கிறதா, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மதிப்பெண் போடும். உண்மையான பிஎம் கிசான் தளத்தின் பெயர் 'டாட் கவ் டாட் இன்' (.gov.in) என்று முடியும். அந்த முடிவு அரசுத் தளங்களுக்கு மட்டும்தான். போலியில் 'பிஎம்கிசான்-கவ்-இன்' என்று கோடு போட்டு ஒட்டிவிட்டு, கடைசியில் 'டாட் எக்ஸ்ஒய்இசட்' என்று வேறு ஏதாவது வைத்திருப்பார்கள். நம் கண் முன்பாதியோடு நின்றுவிடுகிறது, மாடல் கடைசிவரை படிக்கிறது. முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படத்தை நம்பாதீர்கள், போலித் தளத்துக்கும் அது இலவசமாகவே கிடைக்கிறது.

சரி, அப்புறம் ஏன் தப்புகிறது? ஒரு பேச்சுக்கு 10,000 லிங்க்கில் 10 போலி என்று வைத்துக்கொள்வோம். நல்லதில் நூற்றுக்கு ஒன்றை மட்டும் தவறாகப் பிடிக்கும் மாடல்கூட, கிட்டத்தட்ட 100 நல்ல லிங்க்கை மடக்கிவிடும். அதில் சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி சொல்லும் அறிவிப்பும் இருக்கலாம். அது போய்ச்சேராவிட்டால் யார் பதில் சொல்வது? அதனால் நன்றாக உறுதியானால்தான் தடுக்கும்படி வைக்கிறார்கள். இன்று காலையில் முளைத்த போலித் தளம் அந்தச் சந்தில் நுழைந்துவிடுகிறது.

வாட்ஸ்அப்பில் இன்னொரு சிக்கல். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி செய்தி பூட்டப்பட்டே போவதால், மின்னஞ்சலைச் சலிப்பதுபோல நடுவில் உள்ள சர்வர் அதைப் படித்துச் சலிக்க முடியாது.

எனக்கு லிங்க்கைவிட, ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்புதான் பெரிய கவலை. நிறுவி எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்துவிட்டால், ஓடிபி நேரே திருடனுக்குப் போகும். அப்பா போனில் செட்டிங்ஸ் போய், தெரியாத செயலிகளை நிறுவும் அனுமதி வாட்ஸ்அப்புக்கு இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். குழுவில் வேறு யாராவது தொட்டுப் பணம் போயிருந்தால், விடியட்டும் என்று இருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு.