சிபாரிசு கேட்டு வந்தவன்

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, இந்த மழையிலும் நாற்காலி போட்டு மைக் கட்டி வைத்த நூலகர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். போன கூட்டத்தில் என் தொண்டை கட்டிக்கொண்டபோது ஓடிப்போய் சுக்குக் காபி வாங்கி வந்த தம்பிக்கும் நன்றி.

மூன்று விஷயம் பேச வந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அரசு வேலை எப்படிக் கிடைத்தது, அங்கே குடியரசுக் கட்சி ஏன் இரண்டு அணியாகி மோதிக்கொண்டது, 1883-இல் வந்த பெண்டில்டன் சட்டம் எதை மாற்றியது.

முதல் விஷயத்துக்கு நம் பழமொழியே போதும்: ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. ஜெயித்த கட்சி, தபால் நிலையத்திலிருந்து துறைமுகம் வரைக்கும் தன் ஆட்களை நிரப்பும். வேலை வாங்கியவர் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கட்டுவார். நாட்டின் சுங்க வருமானத்தில் பெரும்பகுதி வந்து சேர்ந்த நியூயார்க் சுங்க அலுவலகம், குடியரசுக் கட்சி செனட்டர் கான்க்ளிங்கின் கோட்டை. அவருடைய ஆட்கள் ஸ்டால்வர்ட் அணி, எதிரே அதே கட்சியின் இன்னொரு தலைவர் பிளெய்னின் ஹாஃப்-ப்ரீட் அணி. வேலையை யார் கொடுப்பது என்பதுதான் பெரிய சண்டை. அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடிய 1880 சிகாகோ மாநாட்டில் 36 சுற்று வாக்கெடுப்பு நடந்து, போட்டியிலேயே இல்லாத கார்ஃபீல்ட் வேட்பாளரானார். ஸ்டால்வர்ட்களைச் சமாதானப்படுத்த, அதே சுங்க அலுவலகத் தலைமைப் பதவியிலிருந்து 1878-இல் நீக்கப்பட்ட செஸ்டர் ஆர்தரைத் துணை அதிபர் வேட்பாளராக்கினார்கள்.

இப்போது சார்லஸ் கிட்டோ என்றொரு ஆளைக் கேளுங்கள். தேர்தலுக்காக ஒரு பேச்சை எழுதி அச்சடித்தான், கார்ஃபீல்ட் ஜெயித்ததே தன்னால்தான் என்று நம்பினான், கூலியாகப் பாரிஸ் தூதரகப் பதவி கேட்டான். வெள்ளை மாளிகைக்கும் வெளியுறவுத் துறைக்கும் நடையாய் நடந்தான், கடிதத்துக்கு மேல் கடிதம் கொடுத்தான். வெளியுறவு அமைச்சராகியிருந்த பிளெய்ன் கடைசியில் பொறுமை இழந்து, பாரிஸ் பேச்சை இனி எடுக்கவே கூடாது என்று சத்தம் போட்டுவிட்டார். 1881 ஜூலை 2, வாஷிங்டன் ரயில் நிலையம். அதிபரின் பின்னால் வந்து இரண்டு முறை சுட்டான். நான் ஸ்டால்வர்ட், இனி ஆர்தர்தான் அதிபர் என்றான். மருத்துவர்கள் கழுவாத விரலை விட்டுக் குண்டைத் தேடினார்கள், தொலைபேசி கண்டுபிடித்த கிரகாம் பெல் உலோகம் தேடும் கருவியோடு வந்து தேடினார், கிடைக்கவில்லை. 79 நாள் வேதனைப்பட்டு அந்த மனிதர் இறந்தார்.

கட்சி வேலை செய்தவனுக்கு ஊரார் வீட்டு நெய்யில் பங்கு உண்டு என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அந்த நாட்டு அரசியல்தானே!

அப்புறம் அதிபராகி, பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அதே ஆர்தர். தேர்வு எழுதித்தான் வேலை என்றது, முதலில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்கு மட்டும். நேரம் ஆகிறது, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். என் தங்கை மகள் நல்ல மதிப்பெண்ணோடு ஓர் அலுவலகத்துக்குப் போனாள். யாருடைய கடிதம் கொண்டு வந்தாய் என்று கேட்டார்கள். அவள் அழுதுகொண்டே திரும்பிய அன்று தொடங்கியதுதான் சிபாரிசுக்கு எதிரான இந்த இயக்கம். சிபாரிசுக் கடிதம் கேட்க மாட்டேன், எழுதித் தரவும் மாட்டேன், அவ்வளவுதான் உறுதிமொழி. வாசலில் நோட்டு வைத்திருக்கிறேன், பேனாவும் கட்டியிருக்கிறது. முதல் கையெழுத்து என்னுடையது, இரண்டாவது வரியைத் தலைவர் ஐயாவுக்காக விட்டு வைத்திருக்கிறேன்.