அட்டை செக்கும் முட்டை அட்டையும்

(திருப்பூர்ல தொழில் பண்றவங்க கூட்டம் ஒண்ணுல பேசுனது. எழுதிப் போடச் சொல்லி நெறைய பேரு கேட்டாங்க, பேசுன மாதிரியே போடறேன்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. மில்லுக்காரங்க, பனியன் கம்பெனி வெச்சிருக்கற அண்ணன்மாருங்க, புள்ளைங்கள கிரவுண்டுக்கு அனுப்பற அம்மா அப்பாங்க எல்லாரும் ஒரே எடத்துல உக்காந்திருக்கீங்க, இப்படி ஒரு வாய்ப்பு எனக்கு மறுபடி எப்பக் கெடைக்குமோ தெரியாது, அதனால நேரா விசயத்துக்கே வந்தர்றனுங்க, வெளையாடற புள்ளைங்களுக்கு ஸ்பான்சர் பண்றதப் பத்தித்தான் பேசப் போறேன்.

நான் 400 மீட்டர் ஹர்டில்ஸ், அதாவது தடை தாண்டி ஓடற ஓட்டம் ஓடுனவ. 19 வயசுல ஸ்டேட் மீட்ல மெடல் வந்தப்ப ஒரு கம்பெனிக்காரங்க மேடை போட்டு, ஆள் ஒசரத்துக்கு அட்டைல அடிச்ச செக்க என் கைல குடுத்து போட்டோ எடுத்தாங்க. வருசம் ஒரு லட்சம், மூணு வருசத்துக்குன்னு சொன்னாங்க. மொத வருசம் பாதி வந்துச்சு. அடுத்த சீசன்ல பின்தொடைல ஹாம்ஸ்ட்ரிங் கிழிஞ்சு எட்டு மாசம் ஓட முடியல, அதுக்கப்புறம் போன் பண்ணா எடுக்கவே இல்லைங்க. தூக்கிப் போட மனசு வராம அந்த அட்டைய எங்கம்மா ரொம்ப வருசம் பரண் மேல வெச்சிருந்தாங்க.

அதே எட்டு மாசமும், நாமக்கல் பக்கத்துல கோழிப்பண்ணை வெச்சிருக்கற எங்க தூரத்து ஒறம்பரை ஒருத்தரு வாரா வாரம் பஸ்ல ரெண்டு அட்டை முட்டை போட்டு விட்டாரு. அட்டைக்கு 30. சணல் கயித்துல குறுக்கும் நெடுக்கும் கட்டி, மேல மார்க்கர்ல எம்பேர எழுதி, கண்டக்டர்கிட்ட சொல்லி முன்சீட்டுக்கு அடில வெச்சு வரும், எங்கப்பா பஸ் ஸ்டேண்டுல நின்னு வாங்கிட்டு வருவாரு. திரும்ப எப்ப ஓடுவேன்னு அவரு ஒரு நாள் கேட்டதில்லைங்க. "காலு எப்படி இருக்குது கண்ணு"ன்னு மட்டும் கேப்பாரு. எனக்கு ஸ்பான்சர்னா அவருதான்.

மெடல் வந்த பொறவு வர்ற பணத்த நான் கொறை சொல்லல. மாரியப்பன் 2016ல ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதல்ல 1.89 மீட்டர் தாண்டி தங்கம் வாங்குனப்ப மாநில அரசு 2 கோடி அறிவிச்சுது, அவ்வளவு சந்தோசமுங்க. ஆனா அதுக்கு முன்னாடி பெரியவடகம்பட்டில அவங்கம்மா காய் வித்துக் குடும்பத்தக் காப்பாத்துன வருசங்கள நெனச்சுப் பாருங்க. சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு 2017ல ஐபிஎல் ஏலத்துல 3 கோடி வந்துச்சு, டென்னிஸ் பால்ல வீசிட்டிருந்த பையன நம்பி ஜெயப்பிரகாஷ் அண்ணன் கூட நின்னது அதுக்கும் பல வருசம் முந்தி. நம்ம அவிநாசி பக்கத்துப் பையன் தருண் அய்யாசாமி 2018 ஏசியன் கேம்ஸ் 400 மீட்டர் ஹர்டில்ஸ்ல 48.96 செகண்டுல வெள்ளி வாங்குனாரு, சின்ன வயசுலயே அப்பா போயிட்டாரு, டீச்சர் வேலை பாத்த அம்மாதான் தாங்குனாங்க. அந்த 48.96 எங்க ஈவெண்ட்டுங்கறதால எனக்கு இன்னிக்கும் சொன்னாலே சிலிர்க்குது.

மத்திய அரசோட டாப்ஸ் திட்டத்துல மாசம் 50,000 கைச்செலவுக்கே குடுக்கறாங்க. ஆனா அந்த லிஸ்ட்டுல பேர் வரணும்னா ஒலிம்பிக் மெடலுக்குப் பக்கத்துலயே போயிருக்கணுமுங்க. மாவட்ட மெடலுக்கும் அந்த லிஸ்ட்டுக்கும் நடுவுல ஆறேழு வருசம் இருக்குதில்ல, ஸ்பைக்குன்னு ஆணி வெச்ச ஓட்ட ஷூ தேயும், பிசியோவுக்குக் குடுக்கணும், ரயில்ல ரிசர்வேசன் கெடைக்காம பாத்ரூம் பக்கத்துல உக்காந்து போயி அடுத்த நாள் காலைல ஹீட்ஸ்னு மொத சுற்று ஓடணும், அங்கதான் நம்ம புள்ளைங்க விட்டுட்டு வேலைக்குப் போயிடறாங்க. மஞ்சள் போட்டா பத்து மாசம் காத்திருக்கறோம், தென்னம்பிள்ளை வெச்சா வருசக்கணக்குல தண்ணி விடறோம், நமக்குக் காத்திருக்கத் தெரியாதுங்களா?

பணம் மட்டும்தான் ஸ்பான்சர்னு நெனச்சுக்காதீங்க. கோயமுத்தூர் கரிவரதன் ஐயா மில் மிஷின் செய்யற குடும்பத்துல பொறந்தவரு, பசங்க கம்மி செலவுல ஓட்டணும்னு ரேஸ் கார் வடிவமைச்சுக் கட்டுனாரு, 1995ல விமான விபத்துல போயிட்டாரு, செட்டிபாளையம் டிராக் அவர் பேர்லதான் இருக்குது. அதே ஊரு நரேன் கார்த்திகேயன் 2005ல ஜோர்டான் டீம்ல ஓட்டி இந்தியாவோட மொத பார்முலா ஒன் டிரைவர் ஆனாரு. அந்த வெளையாட்டுல சின்ன டீம்ல சீட்டு வேணும்னா தெறமை மட்டும் பத்தாது, கூட ஸ்பான்சரும் வரணும், அவருக்கு டாடா மாதிரி கம்பெனிங்க பின்னாடி நின்னாங்க.

கணக்கு கேப்பீங்க, சொல்லிடறேன். 2013 கம்பெனிச் சட்டம் 135வது பிரிவுப்படி ஒரு கம்பெனியோட நிகர லாபம் 5 கோடி தொட்டாலே மூணு வருச சராசரி லாபத்துல 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவு பண்ணணும், கிராமத்து வெளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் வெளையாட்டுப் பயிற்சியெல்லாம் அந்தப் பட்டியல்லயே இருக்குது. லோகோ போட்டு வெளம்பரத்துக்குச் செய்யற ஸ்பான்சர்ஷிப்ப மட்டும் அதுல காட்ட முடியாது, அது தனிக் கணக்கு. ரெண்டும் பண்ணலாம், ஆடிட்டர உக்கார வெச்சு ஒரு தடவ பேசுங்க.

பெத்தவங்களுக்கு ஒண்ணு. எவ்வளவு நல்லவங்க குடுத்தாலும் எழுதி வாங்குங்க. அடிபட்டா காசு நிக்குமா, எத்தன நாள் வெளம்பரத்துக்கு வரணும், வேற கம்பெனி ஷூ போட்டா என்னாகும், படத்த எத்தன வருசம் பயன்படுத்துவாங்க, இதப் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. எனக்கு அடிபட்டப்ப காட்டறதுக்கு ஒரு பேப்பர் இல்லைங்க. ஒலிம்பிக் அளவுக்குப் போனா விதி 40னு ஒண்ணு வரும், ஒலிம்பிக் நடக்கற சமயத்துல சொந்த ஸ்பான்சர் வெளம்பரத்துக்குக் கட்டுப்பாடு, அதையும் முன்கூட்டியே பேசிக்கோங்க. ஸ்பான்சர் குடுத்த புரோட்டீன் டப்பான்னு கண்ண மூடிட்டுக் குடிக்க விடாதீங்க, டோப் டெஸ்ட்ல, அதாவது ஊக்கமருந்துச் சோதனைல மாட்டுனா பொறுப்பு குடிச்சவங்களுக்குத்தான்.

உலகத்துக்கே பனியன் தைக்கற ஊருங்க இது. எங்க கிரவுண்டுல இப்ப பதினாலு புள்ளைங்க ஓடறாங்க, அதுல ஒம்போதாவது படிக்கற ஒரு அம்மிணி அக்கா போட்டுக் கழிச்ச ஸ்பைக்ல முன்னாடி பஞ்சு வெச்சு அடைச்சு ஓடறா, அவங்கப்பா இங்கதான் ஒரு கம்பெனில கட்டிங் மாஸ்டர். மாவட்ட மீட்டுக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்குது. அவளுக்கு ஷூ சைஸ் நாலுங்க.