பெயர் சொல்லாமல் ஓர் அண்ணனைப் பற்றி

நேயர்களுக்கு வணக்கம். நான் இன்றைக்குப் பேசப்போகிறவர் போன மாசியில் தவறிப்போனார். பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் இருந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில், குடியை நிறுத்த நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நிற்கிற கூட்டம் அது, சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள், பத்திரிகை, வானொலி, சினிமா எதிலும் உறுப்பினர் பெயரை வெளியே விடுவதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். வானொலி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு நான் அதை மீறினால் அவருக்கே பிடிக்காது. அண்ணன் என்றே சொல்கிறேன், கூப்பிட்டதும் அப்படித்தான்.

மதுரை புதுமண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் அங்கே தையல் மிஷின் போட்டிருந்தவர். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அங்கே எள் போட இடமிருக்காது, அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், திரி எடுத்து ஆடுகிறவர்கள் எல்லாரும் உடுப்பு தைக்க வந்து நிற்பார்கள். வருஷக் கடன் அடைவதே அந்த வருமானத்தில்தான், ஆனால் அண்ணன் குடித்த காலத்தில் அது மதினி கைக்கு வந்து சேர்ந்ததில்லை. காலையில் ஊசியில் நூல் கோக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கும். மூத்த மகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் கடைக்கு வந்து, ஜரிகை வைத்துத் தைக்கிற கை ஊசிகளுக்கெல்லாம் நூல் கோத்து, ஒரு துணியில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவாள். அப்பாவும் மகளும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லையாம்.

சத்தியம் பண்ணிப் பார்த்தார். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பன் முன்னால், அந்த மூடிய கதவுக்கு எதிரே பொய்ச் சத்தியம் செய்ய எந்தக் கொம்பனும் பயப்படுவான், எத்தனையோ வழக்குகள் அந்தப் படியிலேயே தீர்ந்திருக்கின்றன. அண்ணனும் மனதாரத்தான் செய்தார். மூன்றாம் நாள் உளற ஆரம்பித்துவிட்டார், பூச்சி ஊர்கிறது என்று பாயை உதறிக்கொண்டே இருந்தாராம். சாமி குத்தம் என்று வீட்டில் நடுங்கிப்போக, யாரோ அவசரத்துக்கு ஒரு குவாட்டர் வாங்கி ஊற்றிவிட, சத்தியம் போச்சு.

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். வருஷக்கணக்காகக் குடித்த உடம்பில் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். இனி குடிப்பதில்லை என்று கோவிலில் கயிறு கட்டுவதை நான் கேலி பேசவில்லை, கட்டுங்கள், ஆனால் டாக்டரிடமும் காட்டுங்கள். அண்ணன் பிறகு தெளிந்து எழுந்தது பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில்தான். யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416-க்குப் போன் பண்ணலாம், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.

அப்புறம்தான் ஏ.ஏ. அதற்கு ஒரு கதை உண்டு, 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் நடந்தது. குடியை நிறுத்திச் சில மாதமே ஆன பில் வில்சன், வந்த தொழில் காரியம் கெட்டுப்போய் ஹோட்டலில் தனியாக நிற்கிறார், பக்கத்திலேயே பார். அவர் உள்ளே போகாமல் பாதிரியாருக்குப் போன் போட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று தேடியிருக்கிறார். கிடைத்தவர் டாக்டர் பாப், அவரும் குடியிலிருந்து மீண்டார், இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் ஏ.ஏ. அண்ணன் டீக்கடையில் இதைச் சொல்கிறபோது, பில் ஏதோ சிம்மக்கல்லில் குடியிருக்கிற ஆள் மாதிரி இருக்கும்.

ஏ.ஏ. கூட்டத்தில் அவரவர் அறிந்த கடவுள்தான் கடவுள். ஒருவருக்கு வேளாங்கண்ணி மாதா, இவருக்கு அதே கருப்பன். "ஆயுசுக்கும் சத்தியம் பண்ணித்தானே தோத்தேன், இப்ப தினமும் காலையில இன்னைக்கு ஒருநாள் மட்டும் காப்பாத்துய்யான்னு கேட்குறேன்" என்பார்.

அவர் பக்திக்கு ஒரு நேரக்கணக்கும் இருந்தது. டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. யாராவது நிறுத்தத் தவிக்கிறான் என்று தெரிந்தால், ஆஸ்பத்திரியில் காட்டிய பிறகு வருகிற நாட்களில், மிஷினை மூடி வைத்துவிட்டுப் பத்து மணிக்கே அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவார். புத்திமதி ஒன்றும் சொல்ல மாட்டார். தன் கதையைச் சொல்வார், ஊசிக் கதை உட்பட. கடை திறந்து கூட்டம் கலைந்து, அந்தத் தவிப்பு கொஞ்சம் அடங்குகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். உதவி என்று யாராவது புகழ்ந்தால் கோபம் வரும், நான் குடிக்காமல் இருக்கத்தானே போகிறேன் என்பார். அது அடக்கம் இல்லை, அவர் உண்மையாகவே நம்பிய விஷயம்.

மதினிக்கு ஒரு குறை உண்டு. "குடிச்சப்பவும் வீட்டுல இல்ல, நிறுத்துனப்புறமும் ஊரான் வீட்டுத் திண்ணையிலதான்." நியாயமான குறைதான். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வந்து அவரே சமைப்பார், மதியம் வரைக்கும் போனை எடுக்க மாட்டார். குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, மதினி இன்றும் அதற்குப் போகிறார்.

துஷ்டிக்கு வந்தவர்களில் பாதிப் பேரை வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, "அண்ணனைத் தெரியும்" என்றதோடு சரி. ஒன்றை மட்டும் முன்பே சொல்லி வைத்திருந்தார், தன் சாவு வேலைக்கு வருகிற யாருக்கும் சரக்கு வாங்கித் தரக்கூடாது, அந்தக் காசைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்று. சொந்தக்காரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். தத்தனேரி மயானத்தில் வைத்து மூத்த மகள்தான் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கணக்குப் பார்த்துக் கொடுத்தாள்.