கையில் 30 லட்சம்: எத்தனை சதுர அடி வீடு கட்டலாம்?

(திரையில்: கோடு போட்ட நோட்டு. பேனா எழுதுகிறது: 30,00,000 ÷ 2,400 = 1,250)

வணக்கம். வீடு கட்ட நினைக்கிறவர்கள் முதலில் போடுகிற கணக்கு இதுதான். கையிருப்பு, பேங்க் லோன், நகை எல்லாம் சேர்த்தால் 30 லட்சம் தேறும். காண்ட்ராக்டர் சதுர அடிக்கு 2,400 ரூபாய் சொல்கிறார். வகுத்தால் 1,250 சதுர அடி. சரி, அந்த அளவுக்கே பிளான் போடச் சொல்லிவிடலாம்.

நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். பாதி வீட்டில் பணம் தீர்ந்து கைமாற்று கேட்டு அலைகிற நிலை இந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது. (2,400 என்பது உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.)

அந்த 2,400 ரூபாயில் என்னென்ன அடங்கும்? பெரும்பாலான கொட்டேஷனில் வீடு மட்டும்தான் இருக்கும். போர்வெல், சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட், இபி இணைப்பு, பிளான் அப்ரூவல், கபோர்டு வேலை, வாசலில் இருந்து ரோடு வரைக்கும் சிமென்ட் தளம், இதெல்லாம் வெளியே நிற்கும். கட்டுமான வேலைக்கு எடுக்கிற தற்காலிக மின் இணைப்புக்கும் வீட்டுக் கட்டணத்தை விடக் கூடுதலாகத்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் ஊரில் விலை கேட்டு எழுதிக் கூட்டுங்கள். எங்களுக்கு 5 லட்சம் வந்தது.

(திரையில்: முதல் கணக்கை அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதுகிறது பேனா)

இப்போது திருப்பிப் போடுவோம். 30 லட்சத்தில் பத்து சதவீதம், 3 லட்சத்தை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். எதிர்பாராத செலவுக்கு அது. வெளி வேலைகளுக்கு 5 லட்சம். மீதி 22 லட்சம். அதை 2,400ஆல் வகுத்தால் 916 சதுர அடி. 1,250 எங்கே, 916 எங்கே! நடுவில் இருக்கிற 334 சதுர அடியைத்தான் மேற்கொண்டு கடன் வாங்கிக் கட்டுகிறோம். வீட்டின் அளவைப் பணம் சொல்லட்டும். ஆசையை அந்த அளவுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் பிளான் போடுகிறவரின் திறமை.

எனக்குப் பெரிய அடி விழுந்தது பேஸ்மென்ட்டில், அதாவது வீட்டுத் தரையை மேலே தூக்குகிற அடிமேடையில். எங்கள் மனை கோவில்பட்டிப் பக்கம், கரிசல் மண். கொட்டேஷனில் 'பேஸ்மென்ட் உயரம் 2 அடி' என்று ஒரு வரி இருந்தது, நான் அதை வாசித்ததோடு சரி. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டின பிறகுதான் ரோட்டு மட்டத்தை வைத்துப் பார்த்தோம். 2 அடி போதாது, 3 அடி வேண்டும். ஒரே ஒரு அடிதானே என்று தோன்றும். சுவர்களை விட்டுவிட்டு உள்ளளவு 850 சதுர அடி என்றால், ஒரு அடிக்கு 850 கன அடி, அதாவது எட்டரை யூனிட் மண் (ஒரு யூனிட் 100 கன அடி). தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்தால் மண் அமுங்கும், கால் பங்காவது கூடுதலாக வேண்டும். கிட்டத்தட்ட 11 யூனிட். தோண்டிய கரிசலையே உள்ளே கொட்டிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், மேலே போட்ட தரையையும் சேர்த்துத் தூக்கிவிடும். கிராவல் விலைக்கு வாங்கித்தான் நிரப்பினோம். அதோடு சுற்றிலும் ஒரு அடிக்குக் கூடுதல் கட்டுவேலை, அதற்குக் கூலி. அத்தனையும் கொட்டேஷனுக்கு வெளியே.

அதனால் இரண்டு காரியங்களை விலை பேசுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒன்று, மண் பரிசோதனை. எவ்வளவு ஆழம், எந்த மாதிரி அஸ்திவாரம் என்று தெரியாமல் சொல்கிற விலை வெறும் யூகம். இன்னொன்று, பேஸ்மென்ட் உயரத்தை ரோட்டு மட்டத்தில் இருந்து அளந்து எழுதுங்கள், மனை மட்டத்தில் இருந்து இல்லை. ரோடு மறுபடி போடும்போது உயரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே மாடி எடுக்கிற எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே என்ஜினியரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு அஸ்திவாரத்தைப் பலப்படுத்துவது மிகப் பெரிய செலவு.

அப்ரூவல் இப்போது எளிது. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. கட்டணத்தை மட்டும் வெளி வேலைப் பட்டியலில் எழுதிவிடுங்கள்.

(திரையில்: வெறும் மனை. ஒருவர் கோலப்பொடியால் தரையில் சதுரம் போடுகிறார்)

அடுத்து, அறைகள். பேப்பரில் 10க்கு 10 பெட்ரூம் நன்றாகத்தான் தெரியும். மனையில் கோலப்பொடியால் அதே அளவுக்குக் கோடு போட்டு உள்ளே நின்று பாருங்கள். கட்டிலுக்கு ஆறரை அடி நீளம், கால்மாட்டில் கபோர்டுக்கு 2 அடி ஆழம். மிச்சம் ஒன்றரை அடி. அதில் நின்றுகொண்டு கபோர்டு கதவைத் திறக்க முடியுமா? கபோர்டைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றினாலே அறை விரிந்துவிடும். தரையில் இருக்கிற கோட்டைக் காலால் அழித்துவிடலாம். சுவர் லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலுக்கு மேலே வருகிற கான்கிரீட் பட்டை) வந்த பிறகு ஜன்னலை நகர்த்தினால், உடைக்கவும் கூலி, கட்டவும் கூலி.

இரண்டு பாத்ரூமையும் ஒரே சுவரில் முதுகோடு முதுகாக வையுங்கள், சமையலறையும் பக்கத்தில் இருக்கட்டும். பைப் நீளம் குறையும். வெளிச்சுவர் எத்தனை மடிப்பு மடிகிறதோ அத்தனை செலவு.

கொட்டேஷனில் 'நல்ல கம்பி, நல்ல டைல்ஸ்' என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கம்பி எந்தக் கம்பெனி, என்ன கிரேடு, ஒரு அறைக்கு எத்தனை எலக்ட்ரிக் பாயின்ட், போர்டிகோவையும் மாடிப்படி அறையையும் முழு சதுர அடியாகக் கணக்கிடுவார்களா பாதியாகவா, எல்லாம் எழுத்தில் வேண்டும். 'டைல்ஸ் சதுர அடிக்கு 50 ரூபாய் வரை' என்று எழுதியிருப்பார்கள். கடையில் நமக்குப் பிடிப்பது 90 ரூபாய் டைல்ஸ்தான். 900 சதுர அடிக்கு வித்தியாசம் 36,000 ரூபாய். கொட்டேஷனைப் பேசுவதற்கு முன்பே டைல்ஸ் கடைக்குப் போய்விடுங்கள்.

லேபர் காண்ட்ராக்ட் என்றால் பொருள் உங்கள் பொறுப்பு. கம்பி வந்து இறங்கும்போது எண்ணுங்கள். 12 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 10.7 கிலோ இருக்க வேண்டும். கம்பியின் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை கிலோவில் வந்துவிடும். எந்தக் கம்பிக்கும் இதுதான் கணக்கு. பில்லில் இருக்கிற எடையோடு ஒப்பிட்டுவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.

பேங்க் லோன் மொத்தமாகக் கைக்கு வராது. பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப் என்று வேலை முடிய முடியத்தான் விடுவிப்பார்கள். காண்ட்ராக்டருக்கும் அதே மாதிரி முடிந்த வேலைக்குப் பணம் என்று பேசுங்கள். பணம் முன்னால் போய்விட்டால் வேலை பின்தங்கும்.

(திரையில்: சிமென்ட் கறை படிந்த ஒரு சின்ன நோட்டு)

கடைசியாக இந்த நோட்டு. நிலை வைக்கிற அன்று சொந்தக்காரர்கள் வருவார்கள். பூஜை அறையை மாற்று, ஷோகேஸ் வை, இங்கே ஒரு ஆர்ச் எடு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள், மறுக்க மனசு வராது. நான் எல்லாவற்றையும் இந்த நோட்டில் எழுதினேன். பக்கத்தில் மேஸ்திரியிடம் கேட்டு விலை. அவர் கையெழுத்து, என் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் வேலை. விலையை எழுதியதுமே பாதி ஆசை தானாக விலகிவிட்டது.

ஒன்று மட்டும் விலகவில்லை. "வாசல்ல உக்கார ஒரு திண்ணை இருந்தா நல்லாருக்கும்பா" என்று அம்மா சொன்னார். மேஸ்திரி விலை சொன்னார், எழுதிக்கொண்டேன். முன்பக்கச் சுவரில் ஒட்டுவதற்கு எலிவேஷன் கல் என்று ஒரு தொகை ஏற்கெனவே ஒதுக்கியிருந்தேன். அதை அடித்துவிட்டு அந்த இடத்தில் 'திண்ணை, 6 அடி' என்று எழுதினேன். முன்சுவர் இன்றைக்கும் வெறும் பெயின்ட்தான். சாயங்காலம் அம்மா அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறார்.