தள்ளிப்போன செலவு எங்கே போகிறது?

வணக்கம். மந்தநிலை வந்தால் நிறுவனங்கள் தொழில்நுட்பச் செலவை நிறுத்திவிடும் என்ற பயம், வேலைக்குப் போகிற வயதில் இருக்கும் உங்களுக்கு வருவது இயல்புதான். ஆனால் பழைய கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்.

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானது. நம் மென்பொருள் நிறுவனங்களின் பெரிய வாடிக்கையாளர்கள் அமெரிக்க வங்கிகள். 2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் இன்ஃபோசிஸின் வருவாய் சுமார் 466 கோடி டாலர். மறு ஆண்டு 480 கோடி, அதாவது வெறும் 3 சதவீத வளர்ச்சி. அதற்கடுத்த ஆண்டு? 604 கோடி! வேலை காணாமல் போகவில்லை, தள்ளிப்போயிருந்தது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

எதைத் தள்ளிப்போடுவார்கள்? புதுத் திட்டங்கள், புதுக் கணினிகள், ஆலோசகர்கள், பயிற்சி. சம்பளம் போடும் மென்பொருளையோ வங்கிக் கணக்குகளை நடத்தும் மைய மென்பொருளையோ யாரும் அணைத்துவைக்க முடியாது.

இப்போது ஒன்று மாறியிருக்கிறது. அன்று சர்வரை விலைக்கு வாங்கினார்கள். வாங்கியதைத் திருப்பித் தர முடியாது. இன்று கிளவுடில், அதாவது இணையம் வழியே இன்னொரு நிறுவனத்தின் சர்வர்களில், வாடகை. பயன்படுத்தாததை அணைத்தால் அடுத்த மாதமே பில் குறைகிறது. 2022 தொடக்கத்தில் 37 சதவீதமாக இருந்த அமேசான் கிளவுட் பிரிவின் வளர்ச்சி, 2023 நடுவில் 12 சதவீதத்துக்கு இறங்கியது. அப்போதும் அது வளர்ந்துகொண்டுதான் இருந்தது, கவனியுங்கள். ஆனால் சிக்கனத்தின் அடி முன்பைவிட வேகமாக விழுகிறது. இனி வரும் மந்தநிலைகளிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கவலை தருவது பராமரிப்பில் கை வைப்பதுதான். 2017 மார்ச்சில் விண்டோஸ் ஓட்டை ஒன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதைப் போடாமல் விட்ட கணினிகளை மே மாதம் வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள் பிடித்துக்கொண்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான சிகிச்சை நேரங்கள் ரத்தாயின. புதுத் திட்டத்தை ஓராண்டு ஒத்திவைக்கலாம். பராமரிப்பை ஒரு மாதம்கூட விடக்கூடாது.

அப்புறம், இங்கே வந்திருக்கும் நிறுவன அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். பட்ஜெட் சுருங்கும்போது முதலில் தள்ளிப்போவது இந்தப் பிள்ளைகள் வேலையில் சேரும் தேதிதான். வேலைக்கான கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காக்கவைக்காதீர்கள். தேதி தள்ளிப்போனால் அதை முன்கூட்டியே, எழுத்தில் சொல்லுங்கள். கல்விக்கடன் தவணைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இவர்கள்.

நன்றி.