21 அடி தாண்டிய தவளையும் சட்டிக்குள் போன தவளையும் | காலவெராஸ் தவளைத் திருவிழா

(திரையில்: மேடை, நடுவில் வட்டமான பச்சைத் திட்டு, அதன்மேல் ஒரு தவளை. கூட்டத்தின் சத்தம்.)

மூன்றே மூன்று தாவல். 21 அடி 5¾ அங்குலம். இரண்டு ஆட்டோவை முன்னும் பின்னுமாக ஒட்டி நிறுத்தி, அதற்கு அப்புறமும் ஒரு சின்னப் பையன் கால் நீட்டிப் படுத்துக்கொள்ள இடம் விட்டால் எவ்வளவு நீளம் வருமோ, அவ்வளவு. 1986இல் ரோஸி தி ரிபிட்டர் என்ற தவளை கலிபோர்னியாவில் தாவிய தூரம் இது. இத்தனை வருஷமாகியும் அந்தச் சாதனை அப்படியே நிற்கிறது.

ஆனால் இந்த வீடியோ ரோஸியைப் பற்றியது இல்லை. இந்தத் திருவிழாவுக்கு எந்தத் தவளையால் பெயர் வந்ததோ, அந்தத் தவளை இன்றைக்கு மேடையில் இல்லை. மேடையில் துள்ளுகிறதே, அந்த இனம்தான் அதைத் தின்று தீர்த்ததில் பாதிக் குற்றவாளி. மீதிப் பாதி யார் என்று கடைசியில் சொல்கிறேன். (உங்கள் ஊகத்தை இப்போதே கமெண்டில் போட்டுவிடுங்கள், அப்புறம் வந்து மாற்றக் கூடாது.)

சரி, வரலாறு, வேகமாக. ஏஞ்சல்ஸ் கேம்ப் என்பது கலிபோர்னியாவின் காலவெராஸ் மாவட்டத்தில் தங்க வேட்டைக் காலத்தில் முளைத்த சின்ன ஊர். மார்க் ட்வெய்ன் அங்கே ஒரு ஹோட்டலில் கேட்ட தவளைப் பந்தயக் கதையை 1865இல் எழுதினார், ஒரே கதையில் நாடு முழுக்கப் பெயர் வாங்கினார். எதிராளியின் பந்தயத் தவளை தாவ முடியாதபடி அதன் வாயில் ஈயக் குண்டைத் திணித்து 40 டாலரை அடித்துக்கொண்டு போன ஒருவனின் கதை. 1928இல் ஊரின் பிரதான வீதிக்குத் தார் போட்டார்கள், அதைக் கொண்டாட உண்மையிலேயே ஒரு தவளைப் போட்டி வைத்தார்கள். இப்போது ஒவ்வொரு மே மாதமும் நடக்கிறது. வரலாறு முடிந்தது.

இனி நடப்பைப் பாருங்கள். குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சொந்தத் தவளை இல்லாதவர்களுக்கு வாடகைத் தவளை உண்டு! அரைக்கால் சட்டை போட்ட பிள்ளை இரண்டு கையாலும் தவளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரும், தவளையின் பின்னங்கால் இரண்டும் கீழே தொங்கும், பிள்ளையின் முகத்தில் பாதி பெருமை பாதி அருவருப்பு. திட்டின்மேல் வைத்துவிட்டால் அப்புறம் தொடக் கூடாது. தரையை உதைக்கலாம், கத்தலாம், பின்னாலிருந்து ஊதலாம். தவளையைத் தாவ வைக்கிற ஆளுக்கு அங்கே ஜாக்கி என்று பெயர், குதிரைக்குச் சொல்வது மாதிரியே.

அளப்பதில்தான் வேடிக்கை. ஒவ்வொரு தாவலையும் தனியாக அளந்து கூட்டுவதில்லை. தொடங்கிய இடத்திலிருந்து மூன்றாவது தாவல் முடிந்த இடம் வரை நேர்கோட்டில் நாடா பிடிப்பார்கள். ஆகவே முதல் இரண்டு தாவலில் ஆறடி ஆறடியாகப் போய்விட்டு, மூன்றாவதில் வீட்டு ஞாபகம் வந்தது போலத் திரும்பி வந்தால் எல்லாம் போச்சு.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம், இதைக் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன். இன்றைக்கு மேடையில் துள்ளுகிற இனம் அமெரிக்க புல்ஃப்ராக். அது ஒரே தாவலில் அதிகபட்சம் எவ்வளவு போகும்? ஆய்வகங்களில் அளந்து வைத்திருந்த கணக்கு 1.3 மீட்டருக்குள். ரோஸியின் சராசரியைப் போட்டால் ஒரு தாவலுக்கு 2 மீட்டருக்கு மேல் வருகிறது. ஒன்று திருவிழாக்காரர்கள் புளுகுகிறார்கள், இல்லை விஞ்ஞானிகள் அளந்ததில் கோளாறு. விஞ்ஞானிகள் நேரிலேயே போனார்கள். கேமராவோடு உட்கார்ந்து 3,124 தாவல்களை அளந்தார்கள். பாதிக்கு மேல், 58 சதவீதம், ஆய்வகத்தின் ‘அதிகபட்ச’த்தைத் தாண்டிவிட்டன! மிக நீண்டது 2.2 மீட்டர். 2013இல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள்.

காரணம் என்ன? ஆய்வகத்தில் தவளைக்கு உயிர்ப்பயம் இல்லை, ஏதோ கடமைக்குத் தாவிக் காட்டுகிறது. இங்கே தலைமுறை தலைமுறையாகத் தவளை பிடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் நல்ல துடியான தவளையாகப் பொறுக்குகிறார்கள், குளிரில் விறைக்காமல் கதகதப்பாக வைத்திருக்கிறார்கள், பிறகு அதன்மேலே விழப்போவது போலப் பாய்ந்து கத்துகிறார்கள். தவளையின் கண்ணுக்கு அந்த ஆள் பாம்போ நாரையோதான். வாடகைத் தவளையை வைத்துக்கொண்டு கூச்சத்தோடு ‘ஷூ ஷூ’ சொல்கிற நம்மைப் போன்றவர்களின் தாவல்கள் அதே ஆய்வில் குட்டையாகத்தான் இருந்தன.

இன்னொன்று, 1990இல் ஒருவர் ஆப்பிரிக்காவிலிருந்து கோலியாத் தவளைகளைக் கொண்டுவந்து போட்டியில் இறக்கினார், உலகத்திலேயே பெரிய தவளை இனம், 3 கிலோ வரை எடை வரும். உள்ளூர்க்காரர்கள் கொதித்தார்கள். ரோஸியின் சாதனை அசையவில்லை.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கலிபோர்னியாவின் மீன், வேட்டைச் சட்டத்தில் தவளைத் தாவல் போட்டிக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. போட்டிக்குத் தவளை பிடிக்க உரிமம் வேண்டாம். ஆனால் நீங்கள் பிடிக்கிற முறை தவளையைப் பலமாகக் காயப்படுத்தும் முறையாக இருந்தால், நீங்கள் போட்டிக்காகப் பிடிக்கவில்லை என்றே சட்டம் முடிவு கட்டிவிடும். கையில் ஈட்டியோடு நின்றுகொண்டு ‘போட்டிக்குத்தான் சார்’ என்று சொல்ல முடியாது. போட்டித் தவளை செத்துப்போனால் சீக்கிரம் அழித்துவிட வேண்டும், தின்னக் கூடாது. தின்னக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள் என்றால், எவனோ ஒருவன் தின்றிருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

தின்ற கதைக்கே வருவோம். 1865இல் கலிபோர்னியாவில் புல்ஃப்ராக்கே கிடையாது. அந்தப் பக்கத்தில் அப்போது இருந்த பெரிய தவளை சிவப்புக்கால் தவளை, ட்வெய்ன் கதையில் வருவதும் பெரும்பாலும் அதுதான் என்கிறார்கள். தங்கம் தேடி வந்த கூட்டத்துக்குத் தவளைக்கால் வறுவல் பிடித்துப்போனது. நகரத்து உணவகங்களுக்கு மூட்டை மூட்டையாகப் போயிற்று. (நம் நாட்டிலிருந்தும் 1987இல் தடை வரும் வரை தவளைக்கால் கப்பலேறியது, அது தனி வீடியோ.) பெரிதாகப் பார்த்துப் பிடித்தார்கள், இந்த இனத்தில் பெரியவை பெண் தவளைகள். முட்டையிடுகிறவை போனால் என்ன மிஞ்சும்? வரத்து குறைந்ததும், 1896 வாக்கில் கிழக்கிலிருந்து புல்ஃப்ராக்கைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அது வாய்க்குள் அடங்குகிற எதையும் தின்னும்: பாம்பு, குருவி, எலி, சொந்தக் குஞ்சு, சிவப்புக்கால் தவளை. ஒரே ஈட்டில் 20,000 முட்டை வரை இடும். இதற்கு நடுவில் சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கி, கலிபோர்னியா தன் ஈரநிலத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் தொலைத்தது. ஆக, மீதிப் பாதிக் குற்றவாளி யார் என்பதற்கு விடை கிடைத்ததா? சிவப்புக்கால் தவளையை 1996இல் அழியும் அபாயத்தில் உள்ள இனமாக அறிவித்தார்கள். 2014இல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டதால் கலிபோர்னியாவின் அடையாள நீர்நில உயிரியாகவும் ஆக்கினார்கள்.

இந்தக் கதையில் ஒரு குளம் வருகிறது, அதை விட்டுவிட மாட்டேன். சிவப்புக்கால் தவளையைக் காப்பாற்ற எப்படிப்பட்ட குளம் வேண்டும்? வருஷம் முழுக்கத் தண்ணீர் தளும்புகிற குளம் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை, வற்றுகிற குளம் வேண்டும்! சிவப்புக்கால் தவளையின் தலைப்பிரட்டை பெரும்பாலும் நான்கைந்து மாதத்துக்குள் கால் முளைத்துக் கரையேறிவிடும். புல்ஃப்ராக்கின் தலைப்பிரட்டைக்கு ஒரு வருஷம், குளிர்ப் பிரதேசமானால் இரண்டு வருஷம்கூட ஆகும். இலையுதிர் காலத்தில் குளம் காய்ந்தால் வம்புக்காரனின் பிள்ளைகள் மட்டும் சேற்றில் மாட்டிக்கொள்ளும். மாட்டுப் பண்ணைக்காரர்கள் மாடு தண்ணீர் குடிக்க வெட்டிய குட்டைகளில்தான் இன்றைக்குப் பல இடங்களில் இந்தத் தவளை பிழைத்துக் கிடக்கிறது. கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காப் பள்ளத்தாக்கில் புல்ஃப்ராக்குகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஒழித்துவிட்டு, சான் ஃப்ரான்சிஸ்கோ விலங்குக் காட்சிசாலையில் வளர்த்த சிவப்புக்கால் தவளைகளை 2016 முதல் கொண்டுபோய் விட்டார்கள். 2019இல் அங்கே அவை தாமாக இட்ட முட்டைக் கொத்துகள் கண்ணில் பட்டன.

திருவிழாவில் மட்டும் இன்னும் புல்ஃப்ராக். போட்டி முடிந்ததும் அவற்றைப் பிடித்த இடத்திலேயே பத்திரமாகக் கொண்டுபோய் விடுகிறார்கள். தவளைக்கு நல்லதுதான். அந்தக் குளத்தில் இருக்கிற மற்ற தவளைக்கு? விழாவை நிறுத்தச் சொல்கிற ஆள் நான் இல்லை, எனக்கே ஒரு வாடகைத் தவளை கிடைத்தால் போய்க் கத்துவேன். ஆனால் பிடித்த புல்ஃப்ராக்கைத் திருப்பி விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள், எழுதுங்கள், சண்டை போடலாம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்போமே, அது புல்ஃப்ராக்குக்குச் சரியாகப் பொருந்தும். மாடு கத்துகிற மாதிரிக் கத்தி, டார்ச்சோடு வருகிறவனுக்குத் தானே வழி காட்டும். சிவப்புக்கால் தவளை அப்படி இல்லை, மெல்ல முனகும், அதுவும் பல நேரம் தண்ணீருக்கு அடியில். ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.

(ஒலி: தண்ணீருக்குள் தாழ்ந்த, விட்டுவிட்டு வரும் உறுமல். ஐந்து நொடி.)

கேட்டதா? இன்னொரு தடவை போடுகிறேன்.