ரன் ஓடுகிற தூரம்

(திருகோணமலையில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கூடியிருந்த ஒரு மாலைப்பொழுதில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆசிரிய நண்பர்களே, முன்வரிசையில் கொப்பியும் பேனையுமாக இருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் மூன்று எழுத்துச் சொல் ஒன்று. ரன். அதைப் பற்றி மட்டுந்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். "ரன் என்றால் ஓடு, அதுக்கு மேல என்ன இருக்கு?" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் எட்டாம் வகுப்பு வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் வகுப்பில் ஒரு வசனத்தைத் தமிழில் எழுதச் சொன்னார்கள். "த டாப் வாஸ் ரன்னிங் ஓல் நைட்." நான் எழுதினேன்: "குழாய் இரவு முழுதும் ஓடியது." படிப்பித்த ஆசிரியர் கொப்பியைத் தூக்கிப் பிடித்து, "குழாய்க்குக் கால் முளைச்சதோ?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எது பிழை, எது சரி என்று அவர் சொல்லவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா குசினிக்குள் இருந்து சத்தம் போட்டா: "தம்பி, பைப்பைப் பூட்டடா, தண்ணி ஓடுது!"

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் பைப்பில் கைவைத்தபடி நின்றேன். ஓடு என்று எழுதியது பிழையே இல்லை. தமிழிலும் தண்ணீர் ஓடத்தான் செய்கிறது. ஆங்கிலம் அந்த ஓட்டத்தைத் தூக்கிக் குழாயிடம் கொடுக்கிறது; தமிழ் அதைத் தண்ணீரிடமே விட்டுவைக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கக்கூடிய விஷயம். அது கிடைக்காமல் எத்தனை பிள்ளைகள் ஆங்கிலத்தை வெறுத்துப் போனார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் மனம் நோகிறது.

ரன் என்ற சொல்லுக்குத் தண்ணீர் புதிய உறவு அல்ல. பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் மனிதன் ஓடுவதையும் நீர் ஓடுவதையும் சேர்த்தே குறித்தது. அதே வேரில் வந்த ஜெர்மன் மொழியில் இரண்டும் இரண்டு சொல்லாக நிற்கின்றன: ரென்னன் என்றால் ஓடுதல், ரின்னன் என்றால் நீர் கசிந்து ஒழுகுதல். நம்முடைய ஓடு என்ற சொல்லைப் பாருங்கள். கால் ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, அந்த ஓட்டத்திலேதான் ஓடையும் பிறக்கிறது. தடிமன் பிடித்த பிள்ளையைத் தாய் "மூக்கால ஓடுது" என்கிறாள். ஆங்கிலத்திலும் மூக்கு ரன் பண்ணுகிறது. வயிற்றோட்டத்தை ஆங்கிலேயர் பேச்சு வழக்கில் "த ரன்ஸ்" என்பார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. ஓடுவதைப் பார்த்த கண்கள் இரண்டு தேசத்திலும் ஒன்றையே பார்த்திருக்கின்றன.

இனி அகராதிக்கு வருவோம். ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989 இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் மிக நீளமான பதிவு செட் என்ற சொல்லுக்கு. ஏறக்குறைய 430 பொருள்கள். பிறகு மூன்றாம் பதிப்புக்காக ரன் என்ற சொல்லைத் திருத்தியபோது, வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள்கள் தேறின. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் இருந்தார். ஒன்பது மாதம், பிள்ளைகளே! ரயில் வந்தது, இயந்திரம் வந்தது, கணினி வந்தது. ஒவ்வொன்றுக்கும் புதுச்சொல் தேடாமல், இருந்த சின்னச் சொல்லையே மக்கள் கையில் எடுத்தார்கள். மில் ஓடியது, எஞ்சின் ஓடியது, இன்றைக்கு மென்பொருள் ஓடுகிறது. அடிக்கடி புழங்கும் சொல்தான் குறுகியும் இருக்கும், நிறையப் பொருளும் சுமக்கும் என்பதைச் சிப்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் கணக்கிட்டே காட்டினார்.

பொருள் எப்படிக் கழன்று போகிறது என்று பார்க்க வேண்டுமா? பின்னேரம் கடற்கரையில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிற இடத்தில் போய் நில்லுங்கள். "ரெண்டு ரன் ஓடு, ஓடு!" என்று கத்துவார்கள். ரன் என்றாலும் ஓட்டம், ஓடு என்றாலும் ஓட்டம். ஒருவருக்கும் உறுத்துவதில்லை. ஏனென்றால் அந்த ரன் இப்போது ஓட்டமல்ல, எண்ணிக்கை. பந்து எல்லையைத் தாண்டினால் துடுப்பாட்டக்காரர் நின்ற இடத்தை விட்டு அசையத் தேவையில்லை. ஓடாமலே நாலு ரன்!

நம்முடைய ஊரில் இன்னொரு அழகான சொல் இருந்தது. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். அதற்கு முன் அந்தத் துறையை எதில் கடந்தோம்? பாதையில். இங்கிருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும், ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு மிதந்து வரும் அதற்குப் பெயரே பாதை. "பாதை அக்கரையில நிக்குது", "இண்டைக்குக் காத்து, பாதை ஓடாது" என்று பேசிக்கொள்வோம். வெளியூர்க்காரர் ஒருவர் அதைக் கேட்டு, "பாதை எப்படியையா ஓடும்?" என்று திகைத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இரண்டுமே ஓடும். ஃபெரியும் ரன் பண்ணும், ரோட்டும் ரன் பண்ணும். இங்கிருந்து அநுராதபுரத்துக்கு ஏ 12 வீதி ஓடுகிறது என்று ஆங்கிலத்தில் தாராளமாக எழுதலாம். தமிழில் தார்வீதி போகும், கிடக்கும். மிதக்கிற பாதைதான் ஓடும்.

இப்போது ஒத்தசொற்களுக்கு வருகிறேன், ஏனென்றால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்வது இதைத்தான். ரன் என்று எழுதி, நேரே மனேஜ், ஒப்பரேட், ஃப்ளோ, ஃப்ளீ என்று அடுக்கி வைத்திருப்பார்கள். அந்தச் சொற்கள் ரன்னுக்குச் சொந்தக்காரர்தான், ஆனால் எல்லோரும் எல்லா வீட்டுக்கும் போகமாட்டார்கள். "மை ஃபாதர் ரன்ஸ் எ ஷொப்" என்றால் அப்பா கடை வைத்திருக்கிறார். அங்கே மனேஜஸ் என்று மாற்றினால், கடை வேறு யாருடையதோ, அப்பா அங்கே முகாமையாளர் என்று எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. ஃப்ளோ தண்ணீருக்குப் பொருந்தும், மூக்குக்குப் பொருந்தாது. ஃப்ளீ என்றால் பயந்து ஓடுதல். ஓட்டப்போட்டியில் முதலாவதாக வந்த பிள்ளைக்கு அதைப் போட்டுவிடாதீர்கள்.

நம் முன்னோருக்கு இது நன்றாகத் தெரியும். "ஒருபொருள் குறித்த வேறுசொல்", "வேறுபொருள் குறித்த ஒருசொல்" என்று தொல்காப்பியர் இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். செய்யுளில் அமைந்த பழைய அகராதியான சூடாமணி நிகண்டில் ஒருசொல் பல்பொருளுக்கென்று தனித் தொகுதியே உண்டு. ஆறுமுக நாவலர் அந்த நிகண்டை 1849 இல் சென்னையில் அச்சிட்டார். அதில் கடலுக்கு ஆழி, பரவை, வேலை, பௌவம் என்று எத்தனை பெயர்! ஆனால் நிலாவெளியில் வலை ஏற்றுகிறவரிடம் கேளுங்கள், "கடலுக்குப் போறன்" என்பார், அல்லது "தொழிலுக்குப் போறன்" என்பார். ஆழிக்குப் போகமாட்டார்.

சம்பந்தர் நம்முடைய கோணேசரைப் பாடும்போது, "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை" என்கிறார். ஓதம் என்பதற்கும் கடல் என்று ஒரு பொருள் உண்டு. பட்டியலை நம்பினால் அவர் ஒரே சொல்லை இரண்டு தரம் சொன்னதாகிவிடும். கோணேசர் கோயில் இருக்கிற நம்முடைய சுவாமி மலையில் நின்று கீழே பாருங்கள். இரைந்துகொண்டு கிடப்பது கடல். அதிலிருந்து எழும்பி வந்து கற்பாறையில் மோதுகிறதே, அந்த அலைப்பெருக்கு ஓதம். முத்தைக் கொழித்து ஒதுக்குவது அதுதான். இந்த வேறுபாட்டை ஞானசம்பந்தர் கேட்டுப் பாடினார். நாங்கள் பட்டியலில் தொலைத்துவிட்டோம்.

ஆகவே பிள்ளைகளே, ரன் என்று தனியே எழுதாதீர்கள். கடையோடு எழுதுங்கள், குழாயோடு எழுதுங்கள், "ரன்னிங் எ ஃபீவர்" என்று காய்ச்சலோடு எழுதுங்கள். பக்கத்தில் நம் வீட்டில் அதை எப்படிச் சொல்கிறோம் என்று எழுதுங்கள். இந்தியாவில் கார் ஓட்டுவார்கள், நாங்கள் கார் ஓடுவோம். அமெரிக்கர் தேர்தலில் ஓடுவார்கள். ஆங்கிலேயரும் நாங்களும் தேர்தலில் நிற்போம். ஆங்கிலத்தில் ஓட்டுகிற கடையைத் தமிழில் நடத்துகிறோம், மெதுவாக நடக்கவிடுகிறோம். இப்படி ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டு மொழியும் சேர்ந்து கைக்கு வரும்.

சென்ற மாதந்தொட்டு நான் நம்முடைய ஓடு என்ற சொல்லை ஒரு கொப்பியில் சேர்த்து வருகிறேன். காலம் ஓடுது, படம் ஓடுது, மணிக்கூடு ஓடுது, சாமத்தில யோசனை ஓடுது என்று முப்பத்தெட்டு வந்திருக்கிறது. மூதூர்ப் பக்கத்தில், தம்பலகாமத்து வயலில், துறைமுகத்தில் வேறு எதெது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. கொப்பி இந்த மேசையில் இருக்கிறது. பேனையும் வைத்திருக்கிறேன். வந்து எழுதிவிட்டுப் போங்கள்.